புலம்பெயர்ந்த அப்பாமாரின் நோய்: தியாகமா, அலட்சியமா?

2024 ஜனவரி 16 – வாசகர் ஒருவர் கேட்டது

கனடாவில் தமிழ் மரபுத் திங்கள் வந்தால் போதும், கோப்பை கழுவிய கைகளுக்கு மாலை போடும் பதிவுகள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. எனக்குத் தெரிந்த அப்பாமார் பலருக்குச் சலரோகம் (நீரிழிவு). சிலருக்குச் சிறுநீரகமே போய்விட்டது. டொக்டரிடம் நேரத்துக்குப் போகவில்லை, குளிசைகளை ஒழுங்காக எடுக்கவில்லை, சோற்றைக் குறைக்கவில்லை. வைத்தியம் இலவசமாகக் கிடைக்கிற நாட்டில் இருந்துகொண்டு நோயை முற்றவிட்டார்கள். இதை அலட்சியம் என்று சொல்லாமல் தியாகம் என்று ஏன் சொல்கிறீர்கள்? கடைசியில் சுமப்பது பிள்ளைகள்தானே?

ஜனவரி 16, இரவு

"வைத்தியம் இலவசமாகக் கிடைக்கிற நாடு" என்ற இடத்தைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை.

ஒன்ராறியோவில் டொக்டரைப் பார்க்கக் காசு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் காசு இல்லை. சிறுநீரகம் போனவரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் டயலிசிஸுக்கும் காசு இல்லை. குளிசைக்குக் காசு உண்டு. வேலை செய்கிற இடத்தில் மருந்துக் காப்புறுதி இருந்தால் அது கொடுக்கும். 65 வயதானால் அரசு கொடுக்கும். இடைப்பட்டவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். என் அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் உணவகக் குசினிகளில் நின்றவர். அவர் வேலை செய்த எந்த இடத்திலும் காப்புறுதி என்ற பேச்சே கிடையாது.

அவருக்குச் சலரோகம் என்று சொன்னது 1996-ல். அப்போது வயது 38. டயலிசிஸ் தொடங்கியது 2022-ல். அரசு குளிசைக்குக் காசு கொடுக்கத் தொடங்கியது 2023-ல், 65 ஆனபோது. சிறுநீரகம் போன மறு ஆண்டு, சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய குளிசை அநேகமாக இலவசமாகிவிட்டது. இதில் யாருடைய அலட்சியம் எவ்வளவு என்று நீங்களே பங்கு பிரித்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 17

குளிசையைப் பாதியாக்கி விழுங்கினார். அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னார். மரக்கறி வெட்டும் பலகையில் வைத்து, சின்னக் கத்தியால், தூள் சிந்தாமல் சரிபாதியாக வெட்டுவாராம். ஒரு மாதக் குளிசை இரண்டு மாதத்துக்கு வரும். இரத்தத்தில் சீனி பார்க்கும் பட்டைகள் விலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரலைக் குத்துவார். ஞாயிறு அவருக்கு விடுமுறை, நேரத்துக்குச் சாப்பிடுவார், அளவு நன்றாக இருக்கும். அந்த நல்ல எண்ணை டொக்டரிடம் காட்டுவார். டொக்டரும் மகிழ்ந்துபோவார்.

ஜனவரி 17, சற்றுப் பிறகு

ஒருவர் கேட்டிருக்கிறார்: வருமானத்தோடு ஒப்பிட்டு மருந்துச் செலவு அதிகமாக இருப்பவர்களுக்கு ட்ரிலியம் திட்டம் இருக்கிறதே, அதில் ஏன் சேரவில்லை என்று. இருக்கிறது, 1995 முதலே இருக்கிறது. அதற்கு வீட்டு வருமானத்தைக் காட்ட வேண்டும். அப்பாவின் சம்பளத்தில் பாதி காசோலை, பாதி கைக்காசு. அரசாங்கப் படிவம் ஒன்றைத் தானாகக் கேட்டு வாங்கி நிரப்புவது என்பது, அகதிக் கேஸ் முடிவதற்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த மனிதருக்கு நடக்கிற காரியமா? கடிதம் வந்தாலே முதலில் ஒளியில் பிடித்துப் பார்ப்பார், பிறகுதான் உறையைக் கிழிப்பார்.

இப்படி ஒரு திட்டம் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. உங்கள் வீட்டில் 65 ஆகாதவர் யாராவது குளிசையை மிச்சம் பிடிக்கிறார் என்றால் இன்றைக்கே மருந்துக்கடையில் அந்தப் படிவத்தைக் கேளுங்கள்.

ஜனவரி 21

அப்பாவின் பயணக் கதையைக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியுமா தெரியவில்லை.

ஊர் சுன்னாகம். 1983 ஜூலையில் கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கடை எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார். 1985-ல் ரஷ்ய விமானத்தில் மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின்.

அந்தக் காலத்து வழி தெரியாதவர்களுக்காக: கிழக்கு ஜேர்மனி, தன் நாட்டினூடாகக் கடந்து போகிறவர்களுக்கு எளிதாக வழிவிசா கொடுத்தது. மேற்கு ஜேர்மனியோ பெர்லினைப் பிரிக்கும் கோட்டினை எல்லையென்று ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லை என்று ஏற்காத இடத்தில் கடவுச்சீட்டு பார்க்க முடியாது. இந்த இடுக்கு வழியாகத்தான் நம்மவர்கள் ஏராளமாகப் போனார்கள். 1986 இலையுதிர்காலத்தில் கிழக்கு ஜேர்மனி அதை அடைத்தது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் சொல்லிவந்த கதை, அப்பா பெர்லின் சுவரைத் தாண்டி வந்தவர் என்பது. நேற்று இதை எழுதப்போகிறேன் என்றதும் அப்பா முகத்தைச் சுளித்தார். "சுவரை எங்கே தாண்டினேன்? பிரீட்றிக்ஸ்ராசவில் டிக்கெட் எடுத்தேன், ரயிலில் ஏறினேன், அடுத்த பக்கம் இறங்கினேன். இருப்பதற்கு இடம்கூடக் கிடைத்தது."

பிறகு அகதிகளைத் தங்கவைக்கும் ஹைம். வேலை செய்யத் தடை. ஒரு அறையில் பலர், இரண்டு அடுப்பு. சமையல் அங்கேதான் பழகினார். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எல்லாருக்குமாகச் சேர்த்துச் சமைத்தாராம்.

ஜனவரி 22

கப்பலில் கனடா வந்தவர்களைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், 1986 ஓகஸ்ட்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துவந்த 155 தமிழர்கள் புறப்பட்டதும் மேற்கு ஜேர்மனியிலிருந்துதான். முதலில் இந்தியாவிலிருந்து வந்தோம் என்று சொன்னார்கள், பிறகு உண்மை வெளிவந்தது. அவர்களைக் கண்ட மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்டன், படகின் பெயர் அட்லாண்டிக் ரீப்பர். அப்பாவோடு அறையில் இருந்த ஒருவர் அவர்களை ஏற்றிவந்த கப்பலில் போனவர்.

அப்பா ஏன் போகவில்லை? காசு இல்லை என்று அப்பா சொல்வார். கடலுக்குப் பயம் என்று அம்மா சொல்வார். காங்கேசன்துறைக் கப்பலில் மூன்று வேளையும் வாந்தி எடுத்த மனிதர் என்பது அம்மாவின் ஆதாரம். நான் அம்மாவின் கட்சி.

அவர் 1988-ல் விமானத்தில் வந்து மொன்றியல் மிராபெல்லில் இறங்கி அகதி என்று கையைத் தூக்கினார். 1989 ஜனவரி 1-ல் அகதிகள் சபை புதிதாகத் தொடங்கியபோது அதற்கு முந்தியவர்களின் கேஸ்கள் தனிக் குவியலாகிவிட்டன. அதனால் நீண்ட காத்திருப்பு. ஆனால் வாய் திறந்து தன் கதையைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. 1985-ல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் சொன்னதன் பலன் அது: கனடா மண்ணில் நின்று அகதி என்பவரை நேரில் விசாரிக்காமல் தள்ள முடியாது. சீக்கியர் ஒருவரின் பெயரில் வந்த தீர்ப்பு எத்தனை சுன்னாகத்தாரையும் வல்வெட்டித்துறையாரையும் இங்கே உட்காரவைத்தது!

ஜனவரி 27

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "பயணக் கதை உருக்கமாக இருக்கிறது. ஆனால் சோறு?" என்கிறார்.

உருக்கமா? ரயிலில் இருக்க இடம் கிடைத்த கதையிலா?

சரி, சோறு. இரவு ஒன்றரை மணிக்கு வேலை முடிந்து வந்து பெரிய கோப்பையில் சோறு சாப்பிட்டார். காலை நாலரைக்கு எழும்பிப் பத்திரிகை போடப் போனார். ரொறன்ரோவில் வெல்லஸ்லி – பார்லிமென்ட் சந்தியைச் சுற்றி நம்மவர்கள் அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து இருந்த காலம் அது. ஸ்காபரோவுக்கு நாங்கள் போனது பிறகு. பனியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவு கதவாகப் போய்விட்டுத் திரும்பி வந்தால் தூக்கம், எழும்பினால் மறுபடி வேலை. பகலில் டொக்டர் திறந்திருக்கும் நேரம் அவர் தூங்கும் நேரம். சோற்றைக் குறைத்திருக்கலாம்தான். அதில் உங்களோடு சண்டை இல்லை.

ஜனவரி 28

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு ஒன்று உறுத்தியது. அந்தக் குறிப்பை வாசித்தால் அப்பா ஏதோ தேய்ந்துபோன செருப்பு என்று நினைப்பீர்கள். அவர் அப்படி இருந்ததே இல்லை.

கோப்பை கழுவ உள்ளே போனவர் இரண்டே ஆண்டில் அடுப்புக்கு வந்தார். இத்தாலிய உணவகம். முதலாளிக்கும் அப்பாவுக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் ஐம்பது சொல். தக்காளிச் சோஸ் வைக்கும் பெரிய அண்டாவின் பக்கத்தில் நின்று, உள்ளியை எந்த நிறத்தில் எடுக்க வேண்டும், துளசியின் இத்தாலிய உறவை எப்போது கிள்ளிப்போட வேண்டும் என்பதை எல்லாம் மூக்கால் படித்தார். பின்னர் அந்தக் குசினியே அவர் கையில் இருந்தது. ரொறன்ரோவில் இத்தாலியச் சாப்பாடு சாப்பிட்டவர்களே, நீங்கள் பாராட்டிய சோஸ் பலவும் யாழ்ப்பாணத்தான் கை பட்டது. முன்னால் இத்தாலிக் கொடி, பின்னால் வானொலியில் தமிழ்ச் செய்தி.

2003 ஓகஸ்ட் 14 நகரம் முழுவதும் மின்சாரம் போன நாள். மற்ற உணவகங்கள் கதவைச் சாத்தின. அப்பாவின் அடுப்பு எரிவாயு. குளிர் அறையில் இருந்தது எல்லாம் வீணாகப் போகிறது என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் முழுவதையும் சமைத்துத் தெருவில் போனவர்களுக்குக் கொடுத்தார்கள். விடியக் காலையில் இரண்டு தட்டு லசான்யாவோடு வீட்டுக்கு வந்தார். அம்மா கோபத்தில் கதைக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. வெயிலடிக்கும் பல்கனியில் காலைச் சாப்பாடாக லசான்யா. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தவர்கள், அவரைப் பிள்ளைகளுக்காக மட்டும் உழைத்த மாடு என்று எழுத மாட்டார்கள். வேலையை விரும்பினார். எங்களைவிட அதிகமாகவோ என்று நான் பதினைந்து வயதில் நினைத்தது உண்டு.

ஜனவரி 28, இரவு

அந்த வேலைதான் இன்னொரு வழியிலும் சிறுநீரகத்தைத் தின்றது. பன்னிரண்டு மணி நேரம் ஓடு பதித்த தரையில் நிற்பவர்களுக்கு முழங்காலும் நாரியும் (இடுப்பு) போகும். குசினியில் எல்லாருடைய சட்டைப் பையிலும் இபுப்ரோஃபென் என்ற வலிக் குளிசை இருந்தது. சீட்டில்லாமல் கடையில் வாங்கலாம். சலரோகமும் இரத்த அழுத்தமும் உள்ளவர் அதை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகத்துக்குக் கேடு. இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, அப்பாவின் சட்டைப் பையில் இல்லை.

சிறுநீரகம் அமைதியாகப் போகும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல் போகிற நேரம் பெரும்பாலும் கடைசிக் கட்டம். ஆனால் கண்டுபிடிப்பது எளிது: சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு, இரண்டையும் பார்த்தால் போதும். சலரோகம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சோதனை.

பெப்ரவரி 3

முதல் கேள்வி கேட்டவர் ஒரு விஷயத்தில் சரி. என் கோபம் ஆறியதால் சொல்கிறேன்.

2017-ல் குடும்ப டொக்டர் அப்பாவைச் சிறுநீரக நிபுணரிடம் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். நாள் குறித்து வந்தது. அன்றைக்கு ஒரு கலியாண விருந்து ஒப்பந்தம், இருநூறு பேருக்குச் சாப்பாடு. அப்பா சந்திப்பைத் தள்ளிப்போட்டார். மறுபடி நாள் வந்தது, மறுபடி தள்ளினார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கால் வீக்கத்தை மறைக்கச் சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறார். அப்போது அண்ணாவுக்கு வேலை இருந்தது, எனக்கு வேலை இருந்தது, வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது. யாருக்காகவும் அவர் அந்த விருந்தைச் சமைத்திருக்க வேண்டியதில்லை.

இதை அவரிடம் கேட்டேன். "இருநூறு பேருக்குச் சொன்ன சொல்" என்றார். எனக்கு இன்னும் ஆத்திரம்தான். கலியாணப் பிள்ளைகளின் படம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துப் பார்த்துத் திட்டினேன்.

பெப்ரவரி 4

சலரோகம் எப்படி வந்தது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால், யாழ்ப்பாணத்து வலிகாமமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அப்பம்மாவும் அந்த மழையில் நடந்தார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற செய்தி வரும்வரை அப்பா தூங்கவில்லை, அடுத்த ஆண்டே நோய் பிடித்தது என்பது அம்மா. அப்பப்பாவுக்கும் இருந்தது, தெற்காசியர்களுக்கு இளவயதிலேயே வரும், பரம்பரை என்பது டொக்டர். உணவகத்தில் மிஞ்சிய திராமிசு என்ற இத்தாலிய இனிப்பு என்பது அப்பா.

பெப்ரவரி 10

டயலிசிஸ் என்றால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டவருக்கு.

இடது கையில் ஒரு சின்ன அறுவை செய்து நாடியையும் (இதயத்திலிருந்து இரத்தம் வரும் குழாய்) நாளத்தையும் (இரத்தம் திரும்பிப் போகும் குழாய்) நேராக இணைத்துவிடுவார்கள். நாடியின் வேகத்தில் இரத்தம் பாய்ந்து நாளம் தடிக்க மாதக்கணக்கு எடுக்கும். இதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. அப்பா கத்தி பிடிப்பது வலது கை என்பதால் இடது கையில் வைத்தார்கள். முழங்கைக்குக் கீழே கயிறு முறுக்கியதுபோல் புடைத்திருக்கிறது. விரலை வைத்தால் அதிர்கிறது. தினமும் காலையில் அப்பா தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அண்ணாவின் மகன் காதை வைத்துக் கேட்டுவிட்டு "அப்பப்பா கைக்குள் யாரோ கதைக்கிறார்கள்" என்றான். சிங்களம் கதைக்கிறார்களா என்று அப்பா கேட்டார்.

திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போனவுடன் நிறுப்பார்கள். போன தடவையிலிருந்து ஏறிய எடை முழுவதும் தண்ணீர். ஒரு கிலோ என்றால் ஒரு லீட்டர். இரண்டு தடித்த ஊசி: ஒன்றால் இரத்தம் வெளியே போகிறது, மற்றதால் திரும்பி வருகிறது. நடுவில் முடியைப்போல் மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய ஓர் உருளை, அதுதான் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. உறையாமல் இருக்க ஹெப்பரின். முடிந்து எழும்பும்போது முகத்தில் இரத்தம் இருக்காது. வீட்டுக்கு வந்து படுத்தால் மாலைவரை எழும்ப மாட்டார். சில நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கத்துவார். அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஊசி போட அவருக்குப் பிடித்தவர் ஒரு பிலிப்பைன்ஸ் தாதி. இரண்டு பேரும் வினாகிரியில் இறைச்சி ஊறவைப்பது பற்றி நாலு மணி நேரமும் வாதம் செய்வார்கள். அவருடைய பிள்ளைகள் மணிலாவில் பாட்டியிடம் வளர்ந்து, பிறகுதான் இங்கே வந்தவர்களாம்.

பெப்ரவரி 11

நாளுக்கு ஒரு லீட்டர்தான் நீர். சோற்றுக்கு ஊற்றும் ரசம், சொதி, பனிக்கட்டி எல்லாம் கணக்கில் சேரும். உணவகத்திலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த எஸ்பிரெசோக் கோப்பைகளில்தான் இப்போது தேநீர். "தண்ணீரை அளந்து ஊற்ற நான் என்ன சீமெந்தா குழைக்கிறேன்?" என்பார், ஆனால் அளப்பார். சமையல்காரர் அல்லவா, கண்ணாலேயே நூற்றைம்பது மில்லி சரியாக ஊற்றுவார்.

இனிப் பொட்டாசியம். சிறுநீரகம் இல்லாதவருக்கு அது ஏறினால் இதயம் நின்றுவிடும். வாழைப்பழம், இளநீர், பலாப்பழம், முருங்கையிலை, உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தக்காளி. இருபது ஆண்டு தக்காளிச் சோஸ் வைத்தவரிடம் உணவு ஆலோசகர் தக்காளியைத் தொடாதீர்கள் என்று சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா சிரித்துவிட்டார், அந்தப் பெண் பயந்துபோனார்.

இப்போது பெரிய சிவப்பு மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, அரைத்து, வினாகிரி கொஞ்சம் விட்டு ஒரு சோஸ் வைக்கிறார். அதுவும் அளவோடுதான், ஆலோசகரிடம் காட்டி. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் அவித்தால் பொட்டாசியத்தில் ஒரு பெரும்பங்கு போய்விடும். ருசியும் போய்விடும் என்பது அப்பாவின் குறிப்பு. கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவருகிறார்.

பெப்ரவரி 11, மறுபடியும்

உறவினர்களின் வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு மாமி காமரங்காய்ச் சாறு சிறுநீரகத்தைக் கழுவும் என்று ஒரு போத்தல் கொண்டுவந்தார். நட்சத்திரப் பழம் என்பதும் இதைத்தான். டயலிசிஸ் செய்பவர்களுக்கு இது நஞ்சு: விக்கல், குழப்பம், வலிப்பு, சாவு வரைக்கும் போயிருக்கிறது. போத்தலைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன், மாமி இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

அதேபோல் "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் பல பொட்டாசியம் உப்பு. அதைப் புண்ணியமாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: நோயாளி என்று மீனையும் இறைச்சியையும் நிறுத்தாதீர்கள். டயலிசிஸுக்கு முந்திய கட்டத்தில்தான் புரதம் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கிய பிறகு கூடுதலாக வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை விரதத்தை அப்பாவுக்கு மட்டும் ரத்து செய்திருக்கிறார், முருகனிடம் கேட்டுவிட்டுத்தான்.

பெப்ரவரி 19

இன்று குடும்ப நாள் விடுமுறை. இந்த இழையில் நான் எழுத விரும்பாமல் தள்ளிவந்ததை எழுதுகிறேன்.

"சுமப்பது பிள்ளைகள்தானே" என்றீர்கள். நான் சுமக்கக் கேட்டேன், அவர் தரவில்லை.

அப்பாவின் இரத்த வகை ஓ. அந்த வகைக்கு ஓ சிறுநீரகம்தான் பொருந்தும், இறந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கு. அம்மாவுக்கும் சலரோகம். அண்ணாவுக்கு இரத்த அழுத்தம். மிஞ்சியது நான். அவருக்குச் சொல்லாமல் முதல் இரத்தப் பரிசோதனை செய்தேன். நான் ஏ. நேராகக் கொடுக்க முடியாது, ஆனால் 2009 முதல் கனடாவில் மாற்றுத் திட்டம் இருக்கிறது: நான் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பேன், அந்த ஆளின் உறவினர் ஒருவர் அப்பாவுக்குப் பொருந்துவார், அல்லது சங்கிலி இன்னும் நீளும். ஊர்ச் சீட்டு பிடித்துப் பழகியவருக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் தேவைப்படவில்லை. முழுவதும் கேட்டார். நல்ல திட்டம் என்றார். நீ வேண்டாம் என்றார்.

நான் கத்தினேன். "எங்களுக்காக எல்லாம் செய்யலாம், நாங்கள் உங்களுக்கு ஒன்று செய்யக் கூடாதா?" அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னது: "நான் உனக்காகத்தான் வந்தேன் என்று யார் சொன்னது? 1985-ல் நீ எங்கே இருந்தாய்? எனக்கு உயிர்ப் பயம், வந்தேன். சமையல் பிடித்தது, சமைத்தேன். எனக்கு நீ கடன்காரி இல்லை."

ஒரு பிள்ளையிடம் அப்பா சொல்லக்கூடிய மிகக் கொடுமையான வார்த்தை என்று அன்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. நாளைக்கு எப்படித் தோன்றுமோ.

பெப்ரவரி 20

இல்லை, அவர் மனம் மாறவில்லை. "அழுது கேளுங்கள்" என்று ஆலோசனை சொன்னவருக்கு: தானம் கொடுப்பவரைத் தனிக் குழு ஒன்று விசாரிக்கும், யாராவது நெருக்கினார்களா என்று கிண்டிக் கேட்கும், கடைசி நிமிடத்தில்கூட விலகலாம். பெறுபவருக்கும் மறுக்கும் உரிமை உண்டு. பட்டியலில் பெயர் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார், அவ்வளவுதான். நான் என் சோதனைகளை நிறுத்தவில்லை. அதைச் சொல்லாமல் செய்கிறேன். இருநூறு பேர் விருந்தை மறைத்தவரின் மகள்தானே.

மார்ச் 2

அப்பா இந்த இழையை வாசித்துவிட்டார். அண்ணா காட்டிக்கொடுத்தான். அவருடைய திருத்தங்கள்: கப்பலில் மூன்று வேளை வாந்தி எடுக்கவில்லை, ஒரு வேளை. ஆங்கிலம் ஐம்பது சொல் அல்ல, முதலாளிக்குத்தான் ஐம்பது, தனக்கு நூறு. பத்திரிகை வண்டியைத் தள்ளவில்லை, இழுத்தார். முதல் கேள்வி கேட்டவர் கேட்டதில் தவறில்லை, அவரோடு மரியாதையாகக் கதை. குளிசை விஷயத்தில் அம்மா வாயைத் திறந்திருக்கக் கூடாது.

விருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 9

புதுச் சண்டை. சுன்னாகம் போக வேண்டுமாம். யாழ். போதனா வைத்தியசாலையில் டயலிசிஸ் இருக்கிறது, கொழும்பில் தனியாரிடமும் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போகலாம்தான், ஆனால் நினைத்தவுடன் போக முடியாது. அங்கே இடம் உறுதியாக வேண்டும். இங்கிருந்து சிகிச்சை விவரம், உலர் எடை (மேலதிக நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), ஹெபடைடிஸ் பி, சி சோதனை முடிவுகள் எல்லாம் முன்கூட்டி அனுப்ப வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் டயலிசிஸ் முடித்து ஏற வேண்டும், இறங்கியவுடன் தாமதமில்லாமல் மறுபடி. வெளிநாட்டுச் செலவில் ஒன்ராறியோ ஒரு பகுதியைத்தான் திருப்பித் தரும். திரும்பி வந்த பிறகும் தொற்றுச் சோதனைகள் உண்டு.

அங்கே போனால் மாம்பழக் காலம் என்பதுதான் அம்மாவின் முழுப் பயமும். கறுத்தக்கொழும்பானைப் பார்த்துவிட்டு அப்பா கையைக் கட்டிக்கொண்டு இருப்பார் என்று நம்ப எங்கள் வீட்டில் ஆள் இல்லை. மாம்பழக் காலம் முடிந்து போகலாம் என்று அண்ணா சமரசம் சொன்னான். பிறகு எதற்குப் போவது என்று அப்பா கேட்கிறார்.

நிபுணரிடம் கடிதம் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அண்மையில் இப்படிப் போய் டயலிசிஸ் செய்துவந்தவர்கள் இங்கே இருந்தால், எவ்வளவு நாளுக்கு முன் பதிவு செய்தீர்கள், ஹெப்பரினையும் உருளையையும் கையோடு கொண்டுபோகச் சொன்னார்களா என்பதை மட்டும் எழுதுங்கள். காமரங்காய் பற்றி வேண்டாம்.